பெற்றோருக்குத் தாதி வைப்பது கடமை தவறுதலாகுமா?

நம் ஆலயக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரே வகையான கவலை குடிகொண்டிருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாணவராகவும் அகதியாகவும் பிரித்தானியாவுக்கு வந்தவர்கள் பின்னர் தம் தாய் தந்தையரை ஊரிலிருந்து அழைப்பித்துக் கொண்டனர். அந்தப் பெற்றோரில் இன்று இருப்பவர்கள் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். அழைப்பித்த பிள்ளைகளோ தாமே அறுபது, எழுபது வயதினர். தாயோ தந்தையோ பாரிசவாதத்தால் விழுந்துவிட்டால், அல்லது நினைவு தடுமாறிவிட்டால், அவரை யார் பார்ப்பது? வீட்டுக்கு வந்து பராமரிக்கும் நேர்ஸையும் கேரரையும் அழைப்பதா, அல்லது எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்வதா?

இது வெறும் வசதி பற்றிய கேள்வியாயின் இவ்விதழில் எழுத வேண்டியதில்லை. இது நம் மனச்சாட்சியைத் தொடுகின்ற கேள்வி. "நாலு பிள்ளைகள் இருந்தும் யாரோ ஒருத்தி வந்து கழுவ வேண்டியிருக்கிறது" என்று கலியாண வீட்டிலோ திருவிழாவிலோ ஒருவர் சொல்லும் ஒற்றை வார்த்தை பல வீடுகளின் கதவை அடைத்து விடுகிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சி, வீடு தேடி வந்த உதவியை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அதன் பலனை அனுபவிப்பவர் சொன்னவரும் அல்லர், அஞ்சியவரும் அல்லர். படுக்கையில் கிடக்கும் அந்த முதியவரே. ஆகவே இவ்விடயத்தைச் சற்று ஆறுதலாகச் சிந்திக்க வேண்டியவர்களாக உள்ளோம்.

ஊரில் இருந்த ஒழுங்கு

"ஊரில் யார் நேர்ஸ் வைத்தார்கள்? நாங்களே பார்க்கவில்லையா?" என்று கேட்போர் உளர். உண்மைதான். ஆனால் ஊரில் பார்த்தவர் ஒருவர் அல்லர். ஒரே வளவில் அக்காவும் தங்கையும் குடியிருந்தனர். வேலிக்கு அப்பால் மாமியும் சின்னம்மாவும் இருந்தனர். ஒருவர் கஞ்சி வைக்க, ஒருவர் சீலை துவைக்க, ஒருவர் இரவு விழித்திருக்க, பாரம் பலர் தோள்களில் பகிரப்பட்டது. பரியாரியார் வீட்டுக்கே வந்து நாடி பார்த்தார். மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பிள்ளைப்பேறு பார்த்தாள். தொழில் தெரிந்த ஒருவர் வீட்டுக்குள் வந்து நோயாளியின் உடலைத் தொட்டுப் பராமரிப்பது நமக்குப் புதியதன்று.

இங்கு நிலைமை வேறு. ஒரு மாடிவீட்டில் கணவன், மனைவி, பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளை. இருவரும் வேலைக்குப் போனால்தான் வீட்டுக் கடன் கட்டலாம். ஊரில் பத்துப் பேர் செய்த காரியத்தை இங்கு ஒருவர் செய்ய வேண்டும் என எதிர்பார்க்கிறோம். அந்த ஒருவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நோயும் மாறிவிட்டது. பாரிசவாதம் வந்தவர் ஊரில் பெரும்பாலும் நெடுநாள் இருப்பதில்லை. இன்று நல்ல மருத்துவத்தால் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அது இறைவன் தந்த பேறு. ஆனால் அந்த ஆண்டுகளுக்கு இன்சுலின் ஊசி வேண்டும், சிறுநீர்க் குழாயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும், சிலருக்கு வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டும். அசையாமல் கிடப்பவருக்குச் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண்ணுக்கான அடித்தளம் விழுந்துவிடும். குதிக்கால், இடுப்பின் பின்புறம், தோள் எலும்பு ஆகிய இடங்கள் முதலில் பழுதடையும். வெள்ளைத் தோலில் அது சிவப்பாகத் தெரியும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அச்சிவப்புத் தெளிவாகத் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் கொண்டே அறிய வேண்டும். பயின்ற தாதி இதை அறிவாள். எவ்வளவு அன்பிருந்தாலும் பயிலாத மகனுக்கு இது தெரிய நியாயமில்லை.

நம் முன்னோர் கண்ட நான்கு கூறு

நோயாளியைப் பராமரிப்பதைத் தனியானதொரு பணியாக நம் முன்னோர் எண்ணியதில்லை என்று கருதுவது சரியன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுத்துப் பராமரிப்பவர் என்பன அந்நான்கு. பராமரிப்பவரை வள்ளுவர் உறவினரோடும் சேர்க்கவில்லை, வைத்தியரோடும் சேர்க்கவில்லை. நான்கில் ஒன்றாகத் தனியே நிறுத்தியிருக்கிறார்.

வடமொழியில் சரக சம்ஹிதையும் இவ்வாறே நான்கு கூறு சொல்லி, பராமரிப்பவருக்கு வேண்டிய நான்கு குணங்களையும் கூறுகிறது. நோயாளியைப் பேணும் முறை பற்றிய அறிவு, கைத்திறமை, நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்பனவே அவை.

இந்த நான்கையும் நம் வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அன்பு பிள்ளைகளிடம் நிறைய உண்டு. தூய்மையைக் கற்றுக் கொள்ளலாம். பேணும் அறிவும் கைத்திறமையும் பல ஆண்டுப் பயிற்சியால் வருவன. மறுபுறத்தில், அறிவும் திறமையும் தூய்மையும் உடைய தாதி வருகிறாள். அவளுக்கு அன்பு இருக்கலாம், ஆனால் எண்பது வருட வாழ்க்கையை அறிந்த அன்பு அவளிடம் இருக்க முடியாது. ஆக, நான்கு குணங்களும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. வீட்டாரும் தாதியும் சேர்ந்தால்தான் நான்கும் நிறைவாகும். "பிள்ளைகளா, தாதியா?" என்று ஒருவரை ஒருவர் விலக்குவது போலக் கேட்பதே நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது.

வீட்டுத் தாதிமுறை தோன்றிய கதை

இந்நாட்டில் வீடு தேடிச் செல்லும் தாதிமுறை எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால் நம் ஐயம் இன்னும் தெளியும். லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்றொரு வணிகர் இருந்தார். அவருடைய மனைவி கடும் நோயுற்றபோது வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க மேரி ராபின்சன் என்னும் தாதியை அமர்த்தினார். 1859ஆம் ஆண்டில் மனைவி இறந்தார். செல்வமும் வசதியும் உள்ள தம் வீட்டிலேயே அந்த நோய் இத்துணைத் துன்பம் தந்ததெனில், ஏழை வீட்டில் நோயுற்றோர் நிலை என்னவாகும் என்று அவர் எண்ணினார். அதே தாதியை மூன்று மாதத்துக்கு ஊதியம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அங்கு கண்ட துன்பத்தைத் தாங்க மாட்டாமல் அவள் தன்னை விடுவிக்கும்படி கேட்டாள். ராத்போன் வற்புறுத்தித் தொடரச் செய்தார். மூன்று மாதம் முடிந்தபோது, இதுவே தன் வாழ்நாட் பணி என்று அவள் துணிந்துவிட்டாள்.

பின்னர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் ஆலோசனையுடன் லிவர்பூலில் தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு வட்டாரத்துக்கொரு தாதி நியமிக்கப்பட்டாள். டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்து 70,000 பவுண் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. 1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியதன் பின் இத்தாதியர் சேவை எல்லாருக்கும் இலவசமாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ராத்போன் தாதியை அமர்த்தியது மனைவி மீது அன்பு குறைந்ததால் அன்று. அன்பு ஒன்றே போதாது என்று கண்டதால். தமக்குக் கிடைத்த ஆறுதல் பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணியதால் அது ஒரு தருமமாகவும் வளர்ந்தது.

காசு கொடுத்தால் தொண்டு தொண்டாகாதா?

"சம்பளத்துக்குச் செய்வது எப்படிப் பராமரிப்பாகும்?" என்பது அடுத்த கேள்வி. ஆலயத்துக்கு வரும் நமக்கு இதன் விடை ஆலயத்திலேயே உண்டு. நாம் அபிஷேகத்துக்கு உபயம் செய்கிறோம். மந்திரமும் கிரியையும் கற்ற சிவாசாரியார் அதைச் செய்கிறார். அவருக்குச் சம்பளமும் தட்சணையும் கொடுக்கிறோம். நாதஸ்வர தவில் கலைஞருக்கும் கொடுக்கிறோம். காசு கொடுத்தமையால் அந்தப் பூசை பொய் என்று எவரும் சொல்வதில்லை. கற்றவர் செய்ய வேண்டியதைக் கற்றவர் செய்கிறார்.

அதேவேளை, உபயகாரர் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டால் அது உபயம் ஆகுமா? அவர் நீராடி வந்து, குடும்பத்தோடு முன்னே நின்று, தம் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும்போது கைகூப்பி நிற்க வேண்டும். சிவாசாரியார் நமக்காகச் செய்வார்; நமக்காக நிற்க மாட்டார். தாதி விடயமும் இத்தகையதே. அவள் புண்ணைக் கட்டுவாள், ஊசி போடுவாள், உடம்பு கழுவிப் புரட்டி விடுவாள். நாம் அருகில் நிற்பதை அவளிடம் ஒப்படைக்க முடியாது. தாதி வைத்ததனால் கடமை தவறியவர் இல்லை. தாதி வந்துவிட்டாள் என்று தாம் விலகிக் கொண்டவரே கடமை தவறியவர்.

தொடுகையும் துடக்கும்

மலசலம் துடைப்பதை இழிவாகவும், அதைச் செய்பவரைத் தாழ்வாகவும் எண்ணும் வழக்கம் நம்மில் முற்றாக நீங்கிவிடவில்லை. இதற்குப் பெரியபுராணத்துத் திருநீலநக்க நாயனார் வரலாற்றை நினைவுகூர்வோம். திருச்சாத்தமங்கையில் அவர் சிவலிங்கத்தைப் பூசித்திருக்கையில் ஒரு சிலந்தி மேலேயிருந்து சிவலிங்கத்தின் மேல் விழுந்தது. அருகில் நின்ற மனைவியார் பதறி, குழந்தை மேல் பூச்சி விழுந்தால் தாய் செய்வது போல வாயால் ஊதித் துமிந்தார். எச்சில் பட்டது அநுசிதம் என்று நாயனார் சினந்து மனைவியாரைத் துறந்தார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றித் தம் திருமேனியைக் காட்டினார். அம்மையார் ஊதித் துமிந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் சிலந்தியால் கொப்புளமாயிருந்தது.

சைவ நூல்களில் ஆசாரத்தைக் கண்டிப்பாகக் காத்த அடியவர் ஒருவருக்கே இறைவன் இதைக் காட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. நோகும் உடம்பைத் தாயன்போடு தொட்ட வாய்நீரே அங்கு மருந்தாயிற்று. அப்படியிருக்க, நம் தாயின் உடம்பைக் கழுவும் கை எந்த நாட்டவருடையதாயினும், எந்த நிறத்ததாயினும், அதைத் துடக்கென்று நினைக்க நமக்கு என்ன நியாயம்?

இதனோடு தொடர்புடைய சிறு மனக்கசப்புகளையும் சொல்ல வேண்டும். "கையுறை போட்டுத்தான் தொடுகிறாள், அவ்வளவு அருவருப்பு" என்று சிலர் வருந்துவர். கையுறை அருவருப்பினால் அணிவதன்று. ஒரு நாளில் பல வீடுகளுக்குச் செல்பவள் ஒரு வீட்டுக் கிருமியை மறு வீட்டுக்குக் கொண்டு போகாதிருக்கவே அணிகிறாள். அது நம் தாய்க்கும் பாதுகாப்பு. சப்பாத்துடன் உள்ளே வருவதும் அத்தகையதே. பாரம் தூக்குபவர்களுக்குக் கால் பாதுகாப்பு வேண்டும் என்பது தொழில் விதி. வாசலில் மேலுறைகள் சில வாங்கி வைத்து, "இதைப் போட்டுக் கொள்ள முடியுமா?" என்று பண்பாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டால் மீதிக் கவலையும் தீர்ந்தது.

ஒப்படைக்க முடியாதவை

எல்லாம் தாதியர் பார்த்துக் கொள்வர் என்று இருந்துவிடலாமா என்றால், இல்லை. அவர்களால் செய்ய முடியாதவை பல.

முதலாவது மொழி. மறதி நோய் முற்றும்போது பின்னர் கற்ற மொழி முன்னே மறைந்து, தாய்மொழி எஞ்சி நிற்பது பலரிடம் காணப்படும் உண்மை. முப்பது வருடம் லண்டனில் ஆங்கிலத்தில் வேலை செய்தவர் கூட, "தண்ணி" என்று மட்டும் கேட்கும் நாள் வரும். அந்த வேளையில் தமிழில் "என்னம்மா வேணும்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். டொக்டரும் நேர்ஸும் வரும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. பத்து வயதுப் பேரப்பிள்ளையை வைத்து அப்பம்மாவின் நோயை மொழிபெயர்க்கச் செய்வது இருவருக்கும் செய்யும் கொடுமை.

இரண்டாவது உணவும் வழிபாடும். புழுங்கலரிசிக் கஞ்சியின் பதமும், வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்பதும், காலையில் திருநீறு பூசாமல் தேத்தண்ணீர் குடிக்க மாட்டார் என்பதும் எந்தப் பராமரிப்புத் திட்டத்திலும் தானாக வந்து சேர்வதில்லை. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தாளில் எளிய ஆங்கிலத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வைத்தால், புதிதாக வரும் கேரரும் அறிந்து கொள்வார்.

மூன்றாவது கண்காணிப்பு. கேரர் வரும் நேரம் சில வேளைகளில் பதினைந்து நிமிடம்தான். இன்று வந்தவர் நாளை வருவதில்லை. வேலை நெருக்கடியால் தவறுகள் நேர்கின்றன. அசட்டையும் சில இடங்களில் உண்டு. அதை மூடி மறைப்பது நம் நோக்கமன்று. வீட்டில் வைத்திருக்கும் குறிப்பேட்டை நாள்தோறும் வாசித்து, மருந்து கொடுக்கப்பட்டதா, உணவு உண்டாரா, தோல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பிள்ளைகளின் வேலை. குறை இருந்தால் எழுத்தில் முறையிடவும் வேண்டும். முறையிடுவது நன்றிகெட்டதனம் அன்று. பேச முடியாத தாய்க்காகப் பேசுவது பிள்ளையின் தலையாய கடமைகளுள் ஒன்று.

யாரைக் கேட்டு முடிவு செய்கிறோம்?

"அம்மாவை நாங்களே பார்ப்போம்" என்று மகன் சபையில் சொல்லி விடுகிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்ப்பவர் மருமகள். அவரைக் கேட்டுச் சொன்னாரா? வேலையை விட்டு, முதுகு நோய் வந்து, இரவுத் தூக்கமும் இழந்து ஒரு பெண் செய்யும் பணிக்கு மகன் பெயர் வாங்குவது தருமமாகாது. மற்றொருவரின் உழைப்பைத் தானம் செய்வதற்கு நமக்கு உரிமை இல்லை. மகன் தாமே செய்ய ஆயத்தமாயிருந்தால் அவ்வாறு சொல்லட்டும், அது போற்றத்தக்கது.

அதைவிட முக்கியமாக, நோயாளியைக் கேட்டோமா? ஒரு தந்தை தம் மகள் தம்மைக் குளிப்பாட்டுவதை விட முன்பின் அறியாத ஆண் தாதி குளிப்பாட்டுவதையே விரும்பலாம். ஒரு தாய் மகன் முன் உடை மாற்றக் கூசி, நாள் முழுதும் நனைந்த சீலையோடு வாய் திறவாமல் கிடக்கலாம். சொந்தப் பிள்ளை முன் மானம் காத்துக் கொள்ள விரும்புவது மூத்தோர் இயல்பு. நேர்ஸின் முன் அக்கூச்சம் சிலருக்குக் குறைவு. வேறு சிலருக்கு அயலவர் கை பட்டாலே அச்சம். இதைக் கேட்காமல் அறிய முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2005ஆம் ஆண்டு மனவலிமைச் சட்டமும், வேறாக நிறுவப்படும் வரை ஒவ்வொரு வளர்ந்தவரும் தம் காரியத்தைத் தாமே முடிவு செய்ய வல்லவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு முன்பே மரியாதை அதைச் சொல்ல வேண்டும்.

வருபவரை நாம் நடத்தும் விதம்

நம் வீட்டுக்கு வரும் தாதியரும் கேரர்களும் பலர் பிலிப்பைன்ஸ், கேரளம், நைஜீரியா, சிம்பாப்வே முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள். 2022 பெப்ரவரியில் கேரர் வேலைக்கு வெளிநாட்டார் விசாப் பெற வழி திறக்கப்பட்டு, 2025 யூலையில் புதியவர்களுக்கு அது மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர் பலர். நம் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்கிறார்கள். இங்கு பிறர் தாயைக் கழுவிவிட்டு வந்து, இரவில் ஊரிலிருக்கும் தம் தாயோடு தொலைபேசியில் பேசுகிறவர்கள் அவர்கள். ஒருவர் தாயை மற்றொருவர் பார்க்க, அவர் தாயை வேறொருவர் பார்க்கிறார். இப்படியொரு சங்கிலியில் நாம் எல்லோரும் கோக்கப்பட்டிருக்கிறோம்.

ஆகவே, புரியாது என்று எண்ணி அவர் முன்னிலையில் தமிழில் நிறத்தைப் பற்றிப் பேசுவது பாவம். சொல் புரியாவிடினும் குரல் புரியும். முதியவர் நோயின் வேகத்தில் அவ்வாறு சொன்னால், வீட்டார் அவருக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும். மாறாக, அன்பு மிகுதியால் சேலையோ தங்கமோ பணமோ கொடுக்க முனைவோரும் உண்டு. பதிவு பெற்ற தாதியர் மிகச் சிறிய அன்பளிப்புத் தவிர மற்றவற்றை ஏற்கலாகாது என்பது 2015ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்கக் கோவையின் விதி. மறுத்தால் அவமதிப்பென எண்ண வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீர், பெயர் சொல்லி அழைத்தல், போகும்போது நன்றி, அவருடைய மேலாளருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் என்பன போதும்.

தெரிந்திருக்க வேண்டிய சில

இங்கிலாந்தில் டிஸ்ட்ரிக்ட் நேர்ஸின் சேவை வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களுக்கு இலவசம். குடும்ப வைத்தியர் மூலமோ ஆஸ்பத்திரி மூலமோ கேட்கலாம். குளிப்பாட்டல், உடுத்தல், உணவூட்டல் போன்றவை கவுன்சிலின் பொறுப்பில் வருவன. அவற்றுக்கு வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படும். 2010 முதல் 2025-26 நிதியாண்டு வரை சேமிப்பின் மேல் எல்லை 23,250 பவுணாகவே இருந்தது. வீட்டிலிருந்தே பராமரிப்புப் பெறுவோருக்குக் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. "கவுன்சிலிடம் போனால் வீட்டை எடுத்து விடுவார்கள்" என்ற பயத்தால் பலர் கேட்காமலே இருந்து விடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மீண்டும் நடமாடப் பழக்கும் உதவி ஆறு வாரம் வரை இலவசமாகக் கிடைக்கலாம். ஓய்வூதிய வயதினருக்கான அற்றென்டன்ஸ் அலவன்ஸ் கொடுப்பனவுக்கு வருமானம் பார்க்கப்படுவதில்லை. பராமரிக்கும் உறவினரும் தம் தேவைகளை மதிப்பிடும்படி கேட்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஸ்கொட்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உடற்பராமரிப்பு 2002 முதல் இலவசம்.

இறுதி நாட்கள்

வீட்டுத் தாதியின் அருமை முழுமையாகத் தெரிவது இறுதி நாட்களில். வீட்டில், தம் கட்டிலில், தேவாரம் காதில் விழ உயிர் பிரிய வேண்டும் என்பது நம் மூத்தோர் பலரின் ஆசை. ஆனால் மூச்சு முட்டும்போது வீட்டார் கலங்கி அம்புலன்சை அழைக்க, ஆஸ்பத்திரி வாசலில், அந்நியர் நடுவே உயிர் பிரிகிறது. முன்கூட்டியே குடும்ப வைத்தியரோடும் டிஸ்ட்ரிக்ட் நேர்ஸோடும் பேசி ஒழுங்கு செய்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் வேண்டிய மருந்துகளை முன்னரே வீட்டில் வைப்பார்கள். விழுங்க முடியாதபோது சிறு கருவி ஒன்று தோலுக்கடியில் 24 மணி நேரமும் மெல்ல மெல்ல மருந்தைச் செலுத்தும். மோர்பின் கொடுத்தால் உயிரைப் பறிக்கிறார்கள் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. நோயாளியின் நிலைக்கு ஏற்ற அளவில் கவனமாகக் கொடுக்கப்படுவது வலியைத் தணிக்கவே. மேரி கியூரி என்னும் தொண்டு நிறுவனத்தின் தாதியர் சில வீடுகளில் இரவு முழுவதும் இலவசமாகத் தங்கியிருந்து பார்ப்பர். அந்த இரவில் வீட்டார் சற்றே கண்ணயரலாம்.

பால் பருக்குவது நம் வழக்கம். விழுங்கும் வலு இல்லாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக் குழாயில் இறங்கித் திணறச் செய்யும். இதைத் தாதியிடம் சொல்லிக் கேட்டால், பஞ்சில் தோய்த்து உதட்டையும் வாயையும் நனைக்கும் முறையைக் காட்டித் தருவாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உதட்டில் ஒரு துளி தடவலாம். வழக்கமும் நிறைவேறும், உயிருக்கும் நோவில்லை. அறிவும் அன்பும் ஒரே கட்டிலின் இரு பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது

நம் ஆலயச் சங்கமும் இதில் சில செய்யலாம். படுக்கையிலுள்ள அடியார்களின் வீடுகளுக்கு முறை வைத்துச் சென்று, அரை மணி நேரம் தமிழில் பேசியிருந்து, திருநீறு கொடுத்து வரலாம். நம்மிடையே உள்ள ஓய்வுபெற்ற தாதியர் வருடத்தில் இருமுறை மண்டபத்தில் கூடி, புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, தோல் பார்ப்பது ஆகியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்பிக்கலாம். யார் வீட்டுக்குத் தாதி வந்தாலும் அதைக் குறை சொல்லாதிருக்க ஒவ்வொருவரும் மனத்துள் உறுதி எடுத்துக் கொள்ளலாம். மற்றவற்றுக்கு ஆளும் நேரமும் வேண்டும். இதற்கு எதுவும் வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் பாரத்தை அதுவே பெரிதும் குறைக்கும்.

தாதியை அழைத்த வீடு அன்பில்லாத வீடு என்பதும், அழைக்காத வீடு அன்புள்ள வீடு என்பதும் மேலோட்டமான கணக்கு. படுக்கையில் இருப்பவர் நோவின்றி, மானத்தோடு, தம் மொழி கேட்டு, தம் மனிதர் முகம் பார்த்து இருக்கிறாரா என்பதே நாம் கேட்க வேண்டியது. அதற்கு எத்தனை கைகள் வேண்டுமோ அத்தனை கைகளையும் அழைப்பது பிள்ளைகளின் கடமையே அன்றி, கடமை தவறுதல் அன்று.

நம் இல்லங்களில் நோயுற்றிருக்கும் மூத்தோர் அனைவருக்கும், அவர்களைப் பராமரிக்கும் உறவினருக்கும், தாதியருக்கும் வைத்தீசுவரப் பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.